வயதான நாய்க்கு மயக்க மருந்து: டர்பன் தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கால்நடை மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். மயக்கம் கொடுத்த நாயின் தலைமாட்டில் நின்று மூச்சையும் நாடியையும் பார்ப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பழைய குடும்பங்களும் சரி, வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து உம்லாங்கா பக்கம் குடியிருப்பவர்களும் சரி, தமிழ் பேசுகிற ஆள் என்று தெரிந்தால் கோயில் வாசலில்கூட நிறுத்திக் கேட்கிறார்கள். பல் பிடுங்க வேண்டும், கட்டி எடுக்க வேண்டும், ஆனால் நாய்க்கு வயதாகிவிட்டதே என்ற பயம்தான் எல்லோருக்கும். அப்படி வந்த கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் நாயைத் தொட்டுப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

எங்கள் நாய்க்கு 12 வயது. மயக்க மருந்தைத் தாங்குமா?

பெரும்பாலும் தாங்கும். ஆனால் வயதை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. இதயம், சிறுநீரகம், கல்லீரல் எப்படி இருக்கின்றன என்று பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். நன்றாக இருக்கிற 13 வயது நாயை மயக்கத்தில் பார்த்துக்கொள்வது எனக்குக் கஷ்டமில்லை. இதயம் வீங்கிய 8 வயது நாய் என்றால் அன்று முழுக்க என் கை அதன் மேலேயே இருக்கும். 'வயதான' என்பதும் எல்லா நாய்க்கும் ஒன்றில்லை. போயர்போல் போன்ற பெரிய நாய் 7, 8 வயதிலேயே கிழடாகிவிடும். சின்ன மால்டீஸ் 11 வயதிலும் துள்ளும்.

பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை சுமார் 98,000 நாய்களுக்குக் கொடுத்த மயக்கத்தைக் கணக்கெடுத்து 2008-ல் வெளியிட்டார்கள். நல்ல உடல்நிலையில் அல்லது லேசான நோயோடு இருந்த நாய்களில் இறப்பு 0.05 சதவீதம், அதாவது 2,000-க்கு ஒன்று. நோய் முற்றியவற்றில் 1.33 சதவீதம், ஏறக்குறைய 75-க்கு ஒன்று. 12 வயதைத் தாண்டிய நாய்களுக்கு அபாயம் கூடுதல் என்பதும் அதில் தெரிந்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் பாருங்கள். நோயைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் நம் நாய் முதல் கூட்டத்திலிருந்து இரண்டாவது கூட்டத்துக்குப் போய்விடுகிறது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் ராணிக்கு 11 வயதில் கர்ப்பப்பையில் சீழ் பிடித்தது. கருத்தடை செய்யாத பெட்டை. தண்ணீரை மடமடவென்று குடிப்பாள், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள். 'இந்த வயசில் கத்தி வைத்தால் செத்துப்போகும்' என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம், நானும்தான். அப்போது நான் இந்த வேலைக்கு வந்திருக்கவில்லை. மூன்று நாள் கழித்துக் கொண்டுபோனபோது நஞ்சு ரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. மேசையிலேயே போய்விட்டாள். மயக்க ஊசிதான் கொன்றுவிட்டது என்று அம்மா பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் வீட்டில் வைத்துக்கொண்டிருந்த அந்த மூன்று நாள்தான் கொன்றது என்று இப்போது எனக்குத் தெரியும்.

ரத்தப் பரிசோதனை கட்டாயமா? பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது?

வயதான நாய்க்கு விட்டுவிடாதீர்கள். நாய் தன் உடம்புக் கோளாறை மறைக்கத் தெரிந்த பிராணி. சிறுநீரகத்தின் வேலைத்திறனில் முக்கால் பங்கு போன பிறகுதான் ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறும். அதனால் ரத்தத்தோடு சிறுநீரையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கினால் சிறுநீர் தண்ணீர் மாதிரி நீர்த்துப்போகும், அது முன்கூட்டியே தெரிந்துவிடும். காலையில் முதலில் போகிற சிறுநீர்தான் வேண்டும். நீளக் கைப்பிடியுள்ள ஒரு சுத்தமான கரண்டியை எடுத்துக்கொண்டு நாயின் பின்னாலேயே போங்கள். அது போக ஆரம்பித்த பிறகு சத்தமில்லாமல் கரண்டியைக் கீழே நீட்டினால் இரண்டு மூன்று ஸ்பூன் கிடைக்கும், அதுவே போதும்.

டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து இதயத்தில் இரைச்சல் இருக்கிறது என்று சொன்னால் பயந்து திரும்பி வந்துவிடாதீர்கள். சின்ன இன நாய்களுக்கு வயதானால் இதய வால்வு தளர்வது சகஜம். நெஞ்சு எக்ஸ்ரே, முடிந்தால் இதய ஸ்கேன் எடுத்து, இதயம் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் சில வாரம் மாத்திரை கொடுத்து இதயத்தைச் சரிக்கட்டிவிட்டு அப்புறம் மயக்கம் கொடுப்பார்கள்.

வீட்டில் நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. நாய் நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. 30-க்குள் இருக்க வேண்டும். தூக்கத்திலும் தொடர்ந்து 30-க்கு மேல் போனால் டாக்டரிடம் சொல்லுங்கள். மூன்று நான்கு நாள் எண்ணித் தாளில் குறித்துக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அந்தத் தாள் எங்களுக்கு உண்மையிலேயே உதவுகிறது.

போன வருஷம் பிலியரி வந்து பிழைத்த நாய். அதைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்லுங்கள். உண்ணி கடித்து வருகிற பிலியரி இந்த நாட்டில் எவ்வளவு நாய்களைக் கொண்டுபோகிறது என்று உங்களுக்கே தெரியும். அது ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கிறது. சோகை இருக்கிற நாய்க்கு மயக்கத்தில் ஆக்சிஜன் போதாமல் போகும். உண்ணி கடித்தே வருகிற எர்லிக்கியா என்ற நோய் இன்னொரு தொல்லை. அது மாதக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்பில் தங்கி, ரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும். தட்டணு குறைந்த நாய்க்கு ஒரு பல்லைப் பிடுங்கினாலும் ரத்தம் நிற்காது. டர்பன் ஈரப்பதத்தில் வருஷம் முழுக்க உண்ணி இருப்பதால், நாய் நன்றாக இருந்தாலும் தட்டணு எண்ணிக்கையைப் பார்த்த பிறகே கத்தி வைப்பது நல்லது.

அன்று காலையில் என்ன கொடுக்கலாம்?

முந்தின இரவு லேசான சாப்பாடு. காலையில் ஒன்றும் வேண்டாம். தண்ணீரை இரவே எடுத்து வைத்துவிடாதீர்கள். வயதான சிறுநீரகத்துக்குத் தண்ணீர் வேண்டும், கிளம்பும்வரை குடிக்கட்டும். எத்தனை மணி நேரம் பட்டினி என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் 12 மணி நேரம் என்றார்கள், இப்போது பல நாய்களுக்கு அவ்வளவு தேவையில்லை என்கிறார்கள். வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதுதான் காரணம்.

வீட்டில் இருக்கிற எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். தாத்தா காலை டீயில் ரஸ்க் தோய்த்து நாய்க்கும் ஒரு துண்டு கொடுப்பது பல வருஷப் பழக்கமாக இருக்கும். அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டது என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டோம், நேரத்தைத் தள்ளிவைப்போம்.

மாத்திரைகளில்தான் கவனம் அதிகம் வேண்டும். பெரும்பாலான இதய மாத்திரைகளும் வலிப்பு மாத்திரைகளும் நிறுத்தக் கூடாதவை. ஆனால் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிற எனலாப்ரில், பெனசெப்ரில் போன்றவற்றை அன்று காலை மட்டும் விட்டுவிடச் சொல்லலாம். இன்சுலின் போடுகிற நாய்க்கு இந்தப் பட்டினி விதியே பொருந்தாது. அதற்குத் தனிக் கணக்கு, முந்தின நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூட்டு வலிக்கு நீங்களாகக் கொடுக்கிற மஞ்சள் பொடி, மீன் எண்ணெய், நாட்டு மருந்து எதுவானாலும் சொல்லிவிடுங்கள்.

உள்ளே கொண்டுபோன பிறகு என்னதான் செய்கிறீர்கள்?

கதவு மூடியதும் வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் மனதில் என்னென்னவோ ஓடும் என்று தெரியும். நடப்பதை அப்படியே சொல்கிறேன்.

முதலில் எடை. மருந்தின் அளவு அதை வைத்துத்தான். அப்புறம் பதற்றம் தணிக்க ஓர் ஊசி, வலி மருந்தும் சேர்த்து. வயதான நாய்க்கு அளவு குறைவு. அரைமணி நேரத்தில் தலை தொங்கும். முன்னங்காலில் ஒரு பட்டையாக முடியை மழித்து, நரம்பில் சின்னக் குழாய் செருகி டிரிப் ஏற்றுவோம். ஏதாவது தவறாகப் போனால் அவசர மருந்து போக வேண்டிய வழியும் அதுதான்.

பிறகு தூங்க வைக்கிற மருந்து, புரோபோஃபால். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். வயதான உடம்பில் ரத்தம் மெதுவாகச் சுற்றுவதால் மருந்து மூளைக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும். தூங்கவில்லையே என்று அவசரப்பட்டு இன்னும் தள்ளினால் அளவு மீறிவிடும். அதனால் கொஞ்சம் தள்ளிவிட்டு நிறுத்துவோம், கண்ணைப் பார்ப்போம், தாடையைத் தொட்டுப் பார்ப்போம், பிறகு இன்னும் கொஞ்சம். தாடை தளர்ந்ததும் நாக்கை இழுத்துப் பிடித்து மூச்சுக்குழாயில் டியூப் வைப்போம். அதன் வழியாக ஆக்சிஜனும் ஐசோஃப்ளுரேன் என்ற மயக்க வாயுவும் போகும். அந்த டியூபைச் சுற்றி ஒரு சின்னப் பலூன் உப்பி இருக்கும். பல் சுத்தம் செய்யும்போது தெறிக்கிற தண்ணீரும் ரத்தமும் நுரையீரலுக்குள் போகாமல் அது தடுக்கும். மயக்கத்தில் இமை மூடாது, கண் காய்ந்துவிடும். அதனால் கண்ணில் களிம்பு தடவுவோம்.

அதற்குப் பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தாளில் குறிப்பது என் வேலை: இதயத் துடிப்பு, மூச்சு, ஆக்சிஜன், வெளிவிடும் கரியமில வாயு, ரத்த அழுத்தம், உடல் சூடு. சராசரி ரத்த அழுத்தம் 60-க்குக் கீழே போனால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போதாது. வயதான நாய்க்கு அங்கேதான் ஆபத்து. உடனே வாயுவைக் குறைப்போம், திரவத்தைச் சரிசெய்வோம், தேவையானால் மருந்து கொடுப்போம். பல்லுக்கு மரத்துப்போகும் ஊசி தனியாகப் போடுவதும் இதற்காகத்தான். வலி மூளைக்கு எட்டாவிட்டால் வாயு குறைவாகவே போதும், அழுத்தமும் இறங்காது.

சூடு இறங்குவதுதான் ஓயாத தொல்லை. நாயின் உடல் சூடு சாதாரணமாக 38-லிருந்து 39 டிகிரிக்குச் சற்று மேல்வரை இருக்கும். மெலிந்த கிழட்டு நாய் மேசையில் சீக்கிரம் குளிர்ந்துவிடும், குளிர்ந்தால் கண்விழிக்கத் தாமதமாகும். அதனால் கீழே சூடான மெத்தை விரித்து, பாதங்களுக்குக் காலுறை போட்டுவிடுகிறோம். இடுப்பு வலியுள்ள நாயானால் கால்களை விரித்துக் கட்டாமல், தலையணை வைத்து அதற்குச் சுகமான வாக்கில் கிடத்தச் சொல்லுங்கள். மயக்கத்தில் தெரியாது, மறுநாள் எழுந்திருக்கும்போதுதான் வலிக்கும்.

மயக்கமே இல்லாமல் பல்லைச் சுத்தம் செய்கிறார்களாமே?

வேண்டாம். வெளியே தெரிகிற காரையைச் சுரண்டி வெள்ளையாக்கலாம். நோய் ஈறுக்கு அடியில் இருக்கிறது. அங்கே விழித்திருக்கிற நாய் யாரையும் விடாது, எக்ஸ்ரேயும் எடுக்க முடியாது. பல் பளிச்சென்று இருக்கும், அடியில் எலும்பு அரித்துக்கொண்டிருக்கும்.

ஒரே மயக்கத்தில் பல்லையும் பார்த்து, கட்டியையும் எடுத்துவிடலாமா?

இரண்டும் சின்ன வேலையானால் செய்வார்கள். நேரம் நீண்டால் இரண்டு தடவையாகப் பிரிப்பதே நல்லது. கட்டியை முதலில் ஊசியால் குத்திச் சோதிக்கச் சொல்லுங்கள். வெறும் கொழுப்புக் கட்டியானால் தொடவே வேண்டியிருக்காது.

நடுவில் மின்சாரம் போய்விட்டால்?

லோட்ஷெடிங் மோசமாக இருந்த 2023-ல் தினமும் கேட்ட கேள்வி. இப்போது குறைந்திருக்கிறது, ஆனாலும் கேளுங்கள். சிலிண்டர் ஆக்சிஜனும் மயக்க இயந்திரமும் கரண்ட் இல்லாமலே ஓடும். விளக்கு, சூடான மெத்தை, கண்காணிக்கும் கருவி இவற்றுக்குத்தான் இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ வேண்டும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

நான் நாயைக் கொண்டுபோகிற இடத்தில் இருந்தால் முதலில் கேட்பது இது: மயக்கத்தில் இருக்கும்போது அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கப்போவது யார்? அறுவை செய்கிறவரே மூச்சையும் பார்த்துக்கொள்கிறார் என்றால் எனக்கு மனம் ஒப்பாது. இந்த நாட்டில் கால்நடைச் செவிலியர்கள் தென்னாப்பிரிக்கக் கால்நடை மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அதைத் தயங்காமல் கேட்கலாம்.

அடுத்தது, கண்விழிக்கும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்? மேலே சொன்ன அதே கணக்கெடுப்பில் இறந்த நாய்களில் ஏறக்குறைய பாதி, எல்லாம் முடிந்த பிறகுதான் இறந்தன. அதிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள். 'ஆபரேஷன் முடிந்தது' என்று போன் வந்ததும் நாம் மூச்சு விட்டுவிடுகிறோம், ஆனால் கவனம் வேண்டிய நேரம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. இரவில் ஆள் தங்காத மருத்துவமனைகள் உண்டு. அப்படியானால் காலையில் முதல் நாயாக உங்கள் நாயை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள், பகல் முழுக்கப் பார்க்க ஆள் இருக்கும்.

ஏதாவது நேர்ந்தால் இதயத்தை அழுத்தி உயிர் மீட்க முயல வேண்டுமா என்றும் படிவத்தில் கேட்பார்கள். வீட்டிலேயே பேசி முடிவெடுத்துவிட்டு வாருங்கள். கவுன்ட்டரில் நின்று யோசிக்கிற கேள்வியில்லை அது.

தீபாவளி நெருங்குகிறது. இப்போது செய்யலாமா?

அவசரமில்லாத வேலையானால் தள்ளிவையுங்கள். தீபாவளி வெடி, அதை ஒட்டி நவம்பர் 5-ல் கை ஃபாக்ஸ் (Guy Fawkes) நாள் வெடி. தையல் போட்ட நாய் பயந்து வேலிமேல் பாயும். வெடிக்காக வாங்கி வைத்த அமைதி மாத்திரை வீட்டில் இருந்தால், அதை மயக்கத்துக்கு முன்னோ பின்னோ டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் இரவெல்லாம் முனகுகிறதே?

முதல் இரவு முனகல் வலியாகவும் இருக்கலாம், மருந்தின் குழப்பமாகவும் இருக்கலாம். எங்கே இருக்கிறோம் என்று அதற்கே புரியாது. பக்கத்தில் உட்கார்ந்து பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தடவிக்கொடுங்கள், அடங்காமல் முனகினாலோ ஒரே இடத்தைக் காத்துக்கொண்டாலோ வலியாக இருக்கலாம். அப்போது போன் செய்யுங்கள். வீட்டிலுள்ள பனடோ (பாராசிட்டமால்), ஐபுபுரோஃபன் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். மனிதருக்குச் சாதாரணமான மாத்திரை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கெடுக்கும்.

டைல்ஸ் தரையில் வழுக்கும், போர்வை விரியுங்கள். படிக்கட்டை அடைத்துவிடுங்கள். டிரிப் ஏற்றியிருப்பதால் இரவில் இரண்டு மூன்று தடவை சிறுநீர் கழிக்கும், படுக்கையிலேயே போனாலும் அதட்டாதீர்கள். டியூப் வைத்ததால் ஓரிரு நாள் லேசாக இருமும்.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்: உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்தோ நீலமாகவோ இருப்பது, மூச்சுக்கு வயிறு குழிவது, கூப்பிட்டும் எழாதது, விடாத வாந்தி, நிற்காத ரத்தம், ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் போகாதது. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். இதை நாய் நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை செய்து பார்த்து வையுங்கள், அப்போதுதான் வித்தியாசம் தெரியும்.

புரட்டாசி விரதம். வீட்டில் கோழி சமைக்க மாட்டோம். மென்மையாக என்ன கொடுப்பது?

குழையவிட்ட சோறும் மசித்த பூசணியும் ஓரிரு நாளைக்குப் போதும். உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காதீர்கள். பருப்புக் குழம்பை ஊற்றிவிடாதீர்கள், அதில் வெங்காயம் பூண்டு இருக்கும், இரண்டும் நாய்க்கு நஞ்சு. அதற்கு மேல் கொடுக்க மருத்துவமனையில் டின் உணவு கிடைக்கும், வெளியே வைத்துக் கொடுக்கலாம். விரதம் நமக்குத்தான், நாய்க்கு இல்லை என்று எங்கள் பக்கத்து வீட்டு ஆயா சொல்லி, பின்கட்டில் தனி அடுப்பு வைத்தே கோழி வேகவைத்தார். எனக்கு அது சரி என்றே பட்டது.

செலவு அதிகமாகிறதே?

ஆகும். முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள், பல் எத்தனை பிடுங்க நேரிடும் என்பதைப் பொறுத்துக் குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று இரண்டும். முடியாதவர்கள் எஸ்பிசிஏ என்ற பிராணிகள் நலச் சங்கத்தில் விசாரியுங்கள். எதைக் குறைத்தாலும் ரத்தப் பரிசோதனையையும் வலி மருந்தையும் குறைக்காதீர்கள்.

டாக்டரே வேண்டாம் என்றால்?

இதயம் செயலிழந்து நுரையீரலில் நீர் கோத்திருந்தாலோ, சிறுநீரகம் முற்றிலும் கெட்டிருந்தாலோ அப்படிச் சொல்வார்கள். அப்போது வலி மருந்து, ஆன்டிபயாடிக், மென்மையான உணவு என்று நாளை ஓட்டலாம். அது கைவிடுவது ஆகாது. ஆனால் 'வயசாகிவிட்டது, விட்டுவிடுங்கள்' என்று பரிசோதிக்காமலே சொன்னால் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

பழையபடி ஆக எவ்வளவு நாள் ஆகும்?

மயக்கம் தெளிய ஒரு நாள். பழைய சுறுசுறுப்பு வர வயதான நாய்க்கு மூன்று நான்கு நாள் பிடிக்கலாம். ஈறு ஆற இரண்டு வாரம்.

எங்கள் கருப்பனுக்கு 13 வயதில் இடது கண்ணுக்குக் கீழே வீங்கியது. குளவி கொட்டியிருக்கும் என்று நினைத்தோம். மேல்தாடைக் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ். இதயத்தில் லேசான இரைச்சலும் இருந்தது. ஸ்கேன் எடுத்துவிட்டுத்தான் செய்தார்கள், அன்று அவன் தலைமாட்டில் நிற்க என்னால் முடியவில்லை, தோழிதான் நின்றாள். மூன்றாம் நாள் வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தான். பத்தாம் நாள் காலை நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில், ஒரு வருஷமாகத் தொடாத ரப்பர் பந்தைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வந்து, இடது பக்கமாகவே வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான்.